மாலை ஐந்து மணிக்கும் வெளியே சென்றவர்

(பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு. வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நற்செய்தி மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் உள்ள திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை. இதைக் கேட்டதும் நம் மனம் நேராகக் கூலி கொடுக்கும் கட்டத்துக்கு ஓடிவிடுகிறது. விடியற்காலை முதல் வெயிலில் வெந்தவருக்கும் ஒரு தெனாரியம், கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவருக்கும் ஒரு தெனாரியம். இது என்ன நியாயம் என்று கேட்டு, கடவுளின் தாராளம் நம் கணக்குக்குள் அடங்காது என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். அந்த விளக்கம் சரியானதுதான். ஆனாலும் இன்று நான் உவமையின் முன்பாதியிலேயே சற்று நிற்கப் போகிறேன்.

அந்த நிலக்கிழார் எத்தனை முறை வெளியே போகிறார் என்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் ஒரு முறை. பிறகு ஒன்பது மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு, கடைசியாக ஐந்து மணிக்கு. மொத்தம் ஐந்து முறை. அவரிடம் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். மாலையில் கூலி பட்டுவாடா செய்யும் பொறுப்பை அவரிடம்தான் ஒப்படைக்கிறார். ஆனால் ஆள் தேடிப் போகும் வேலையை மட்டும் அவரிடம் விடவில்லை, தாமே போகிறார். யூதர்கள் பகலைப் பன்னிரண்டு மணிகளாகப் பிரித்திருந்தார்கள். மூலத்தில் பதினோராம் மணி என்று இருப்பது நம் கணக்கில் மாலை ஐந்து. இன்னும் ஒரு மணி நேரத்தில் பொழுது சாய்ந்துவிடும். விவசாயம் தெரிந்த எவரும் அந்நேரத்தில் கூலிக்கு ஆள் தேடமாட்டார். நம் ஊர் வயலில் ஐந்து மணிக்கு மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காக அவர் போனாரா, அங்கே நிற்கிறவர்களுக்கு வேலை வேண்டும் என்பதற்காகப் போனாரா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கே நின்றவர்களை அவர் திட்டவும் இல்லை. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். கேட்டுவிட்டு அவர்கள் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறார். தங்களைக் கூப்பிட ஒருவரும் வரவில்லை என்கிறார்கள் அவர்கள். சோம்பேறிகள் என்று ஊர் முடிவு கட்டியவர்களிடம் காரணம் கேட்ட முதல் ஆள் இவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இனி நம் ஊர்ச் சந்தைவெளிக்கு வருவோம். உயர்நிலைப் பள்ளி நான்கே கால் மணி அளவில் விடுகிறது. ஐந்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலும், டாஸ்மாக் கடைக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையிலும், பாதி கட்டி நின்றுபோன வீடுகளின் திண்ணையிலும் சீருடையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற வயது. அம்மா கட்டட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போய் ஏழு மணிக்கு மேல்தான் திரும்புவார். அப்பா இருந்தும் இல்லாத வீடுகள் பல. பூட்டிய வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

ஒரு பிள்ளை ஒரே நாளில் பள்ளியை விட்டு நிற்பதில்லை. முதலில் திங்கள்கிழமை வராது. ஞாயிற்றுக்கிழமை பந்தல் போடவோ சமையல் வேலைக்கு எடுபிடியாகவோ போயிருக்கும். மறுநாள் உடம்பு வலி. பிறகு காலாண்டுத் தேர்வில் கணக்கும் ஆங்கிலமும் போய்விடும். பெற்றோரைக் கூட்டிவா என்று ஆசிரியர் சொல்வார். அம்மா வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்பதால் பிள்ளை வீட்டில் சொல்லாது. சொல்லாததால் பள்ளிக்கும் போகாது. அதற்குள் கையில் இருநூறு, முந்நூறு ரூபாய் புரள ஆரம்பித்திருக்கும். பாக்கெட்டில் போதைப் பாக்கு வரும். பெண்பிள்ளை என்றால் பாதை வேறு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்துவார்கள். அல்லது மூன்று ஆண்டு வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லும் நூற்பாலை முகவர் வீட்டுக்கு வருவார். பதினெட்டு ஆகும் முன்பே மாப்பிள்ளை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எட்டாவது வரை சட்டம் பிள்ளையைப் பள்ளியில் பிடித்து வைக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் பிடித்து வைக்க ஒரு மனிதர்தான் வேண்டும்.

பங்குகளில் நாம் கல்விக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் அதிக மதிப்பெண் எடுத்தவர்களைப் பீடத்துக்கு முன் நிறுத்தி, பொன்னாடை போர்த்தி, கைதட்டுகிறோம். அந்தத் திருப்பலியில் தேறாத பிள்ளை எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது தேடியிருக்கிறோமா? பெரும்பாலும் அது கோயிலுக்கே வந்திருக்காது. படிக்கிற பிள்ளைக்குத்தான் டியூஷன், படிக்கிற பிள்ளைக்குத்தான் உதவித்தொகை என்று நம் ஏற்பாடெல்லாம் விடியற்காலை ஆள்களுக்கே போய்ச் சேருகிறது.

ஐந்து மணிக்கு வெளியே போன ஒரு குருவை நாம் பீடத்தில் வைத்து வணங்குகிறோம். புனித தொன் போஸ்கோவின் கதையை மறைக்கல்வி வகுப்பில் எல்லாரும் படித்திருப்போம். கனவுகளும் வித்தைகளும் நமக்கு நினைவிருக்கின்றன. அவர் அன்றாடம் என்ன வேலை செய்தார் என்பது அவ்வளவாக நினைவில் இல்லை. 1841 ஜூன் மாதம் குருவானவர், வட இத்தாலியின் தூரின் நகருக்கு வந்தார். தொழிற்கூடங்களும் கட்டடங்களும் பெருகிக்கொண்டிருந்த நகரம் அது. மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் கல் உடைக்கவும், கொத்தனாருக்குச் சித்தாளாகவும், பாதை போடவும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். புனித யோசேப்பு கஃபாசோ இந்த இளம் குருவைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகள் நல்ல உடற்கட்டோடும் கூர்மையான புத்தியோடும் புழுப்போல் அடைந்துகிடந்ததைப் பார்த்தார். இன்னொன்றையும் கவனித்தார். விடுதலையாகிப் போனவர்களில் பலர் சில நாளில் மறுபடியும் உள்ளே வந்தார்கள். வெளியே அவர்களுக்கென்று யாரும் இல்லாததே காரணம் என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். வெளியே ஒரு நண்பர் இருந்து, ஓய்வு நாள்களில் அவர்களோடு நேரம் செலவழித்திருந்தால் இவர்கள் இங்கே திரும்பி வந்திருக்கமாட்டார்கள் என்பது அவருக்குப் பட்டது. அவருடைய வாழ்நாள் பணி முழுவதும் இந்த ஒரு கணிப்பிலிருந்து கிளைத்தது.

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், பர்த்தொலொமேயோ கரெல்லி என்ற பதினாறு வயதுக் கொத்தனார் பையன் குளிருக்காகக் கோயில் சக்ரீஸ்துக்குள் நுழைந்தான். பூசைக்கு உதவத் தெரியாது என்றதும் கோயில் பணியாளர் அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைக்கச் சொன்னார். படிக்கத் தெரியுமா? தெரியாது. பாடத் தெரியுமா? தெரியாது. சீட்டி அடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் பையன் சிரித்துவிட்டான். அங்கேதான் ஆரம்பம். அந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். தெரியாத விஷயங்களைப் பற்றியே விசாரிக்கப்பட்டுப் பழகிய பிள்ளையிடம், அவனுக்குத் தெரிந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டார்.

அதன் பிறகு அவர் செய்தவை பாருங்கள். ஞாயிறு அன்று பிள்ளைகளைக் கூட்டினார். வார நாள்களில் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். சாரத்தின் மேல் நின்று செங்கல் சுமக்கும் பையனை ஒரு குரு பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்தால் பையனுக்கும் மகிழ்ச்சி, இப்பிள்ளைக்குக் கேட்க ஆள் உண்டு என்று முதலாளிக்கும் தெரியும். மாலை வகுப்புகள் தொடங்கினார். அந்த நாட்டில் 1850 முதல் மீட்டர், கிலோகிராம் அளவுமுறை கட்டாயமாகப் போகிறது என்று தெரிந்ததும், அதை எளிமையாக விளக்கி ஒரு சிறு புத்தகமே எழுதினார். பிள்ளைகளை வைத்து அதை நாடகமாகவும் நடத்தினார். புதிய அளவு தெரியாத கொத்தனாரும் தச்சரும் நாளை வேலை இழப்பார்கள் என்பதை முன்கூட்டியே கண்டுகொண்டார். இக்காலத்தில் வேலைவாய்ப்பு வழிகாட்டல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் போட்ட ஒப்பந்தங்கள். 1851, 1852 ஆண்டுகளில் தம் பிள்ளைகளைத் தொழில் கற்க அனுப்பியபோது, வாய்ப் பேச்சாக விடாமல் முதலாளியோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவற்றில் சில இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. தொழிலை ஒழுங்காகக் கற்றுத்தர வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்கக்கூடாது. தவறு செய்தால் சொல்லால் திருத்தலாம், கை நீட்டக்கூடாது. ஞாயிறும் திருநாளும் விடுமுறை. வேலை கற்கக் கற்கக் கூலி உயர வேண்டும். முதலாளியும் பையனும் கையெழுத்திட, பிள்ளையின் நடத்தைக்கும் பிணையாகத் தொன் போஸ்கோவே நின்றார். பின்னர் 1853 முதல் செருப்புத் தைக்கவும், துணி தைக்கவும், அதன் பிறகு புத்தகம் கட்டவும், மர வேலைக்கும், அச்சுக்கும், இரும்பு வேலைக்கும் சொந்தக் கூடங்களே அமைத்தார். 1906இல் அவருடைய சபையார் தஞ்சாவூருக்கு வந்து இந்தியாவில் பணியைத் தொடங்கினார்கள்.

அவர் கையெழுத்திட்ட நிபந்தனைகளில் பல இன்று நமக்குச் சட்டமாகவே இருக்கின்றன. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் பழகுநரைச் சேர்க்க முடியாது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். உதவித்தொகை தர வேண்டும். 2016இல் திருத்தப்பட்ட சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பதையும், பதினெட்டுக்குட்பட்டவரை ஆபத்தான தொழிலில் வைப்பதையும் தடை செய்கிறது. சட்டம் இருக்கிறது. நம் பிள்ளை ஒருவன் வெல்டிங் பட்டறையில் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அதைப் போய்ப் பார்த்துக் கேட்கும் ஆள்தான் இல்லை.

சரி சாமி, எங்கள் பங்கில் இதை எப்படி நடத்துவது என்று நீங்கள் கேட்பீர்கள். நடத்திப் பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

முதலில் வயிறு. பத்தாம் வகுப்புவரை மதியம் சத்துணவு உண்டு. பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் அதுவும் இல்லை. மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை ஐந்து மணிக்குப் பசியோடு நிற்கிறது. பசியோடு இருப்பவனிடம் இயற்கணிதம் பேசுவதில் பயனில்லை. ஒரு தட்டு சுண்டல், ஒரு டம்ளர் தேநீர். எங்கள் மரியாயின் சேனைத் தாய்மார் முறைவைத்துச் சுண்டல் செய்கிறார்கள். அந்தச் சுண்டலுக்காகவே வருகிறார்கள் என்று ஒருவர் குறைப்பட்டார். வரட்டுமே. ஐந்து அப்பத்தையும் பகிர்ந்து கொடுத்தபோது ஆண்டவர் யாரிடமும் எதற்காக வந்தாய் என்று கேட்கவில்லை.

பாடம் வாரத்தில் மூன்று நாள், நாள் ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். இதை இன்னொரு டியூஷன் ஆக்கிவிடாதீர்கள். வகுப்பில் பின்வாங்கிய பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஆவதில்லை. ஆறாம் வகுப்புப் பின்னத்தில்தான் சிக்கல் இருக்கும். அதைச் சிரிக்காமல், பிறர் காதில் விழாமல் சொல்லிக்கொடுக்கும் பக்குவம் உள்ளவர்கள் வேண்டும்.

முழு ஏற்பாட்டின் உயிர், பிள்ளைகள் அண்ணன் என்றும் அக்கா என்றும் கூப்பிடும் அந்தப் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. மூன்று பிள்ளைக்கு ஒருவர், மிஞ்சினால் நான்கு. இவர்களைத் தேடும்போது நாம் உடனே ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் போகிறோம். அவரும் வரட்டும். ஆனால் வயரிங் வேலை பார்ப்பவர், அரசு மருத்துவமனைச் செவிலியர், பேருந்து நடத்துநர், தையல்கடை வைத்திருக்கும் அக்கா, இவர்கள் பேசும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்க்கிறேன். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் பத்தாவதில் இரண்டு முறை தவறியவர். அதை அவரே சொன்ன நாளில், அதுவரை வாயே திறக்காத ஒருவன் எழுந்து, துணைத்தேர்வுக்கு எங்கே பணம் கட்ட வேண்டும் என்று கேட்டான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் இளையோருக்கு எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற திருத்தூது ஊக்கவுரையில் இதுபற்றிப் பேசுகிறார். தங்களுக்குத் துணை வருபவர் எப்படி இருக்க வேண்டும் என்று இளையோரே சொன்னதை அவர் எடுத்து வைக்கிறார். குறையற்றவராகத் தன்னைக் காட்டிக்கொள்பவரை அவர்கள் கேட்கவில்லை. தானும் தவறி, மன்னிப்புப் பெற்று எழுந்த மனிதர் என்று ஒத்துக்கொள்பவரைக் கேட்டார்கள். பின்னால் இழுத்துப் போகாமல் கூட நடந்து வருபவரைக் கேட்டார்கள்.

இப்படி வருகிறவரிடம் நான் ஒரே ஒரு வாக்குறுதி கேட்கிறேன். ஒரு கல்வியாண்டு முழுவதும், அதே கிழமை, அதே நேரம் வர வேண்டும். இதில் மட்டும் நான் கறார். ஆர்வத்தில் இரண்டு மாதம் வந்து, செல்ஃபி எடுத்து, பிறகு வேலை அதிகம் என்று நின்றுவிடுவதானால் தயவுசெய்து வர வேண்டாம். இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே யாராவது ஒருவரால் விட்டுப் போகப்பட்டவர்கள். மறுபடி ஒருவர் சொல்லாமல் நின்றால், அது அவர்களுக்குப் பழகிய பாடத்தையே உறுதி செய்யும்.

அடுத்து சொல்வது சங்கடமானது என்றாலும் பீடத்திலிருந்தே சொல்ல வேண்டியது. எந்தப் பெரியவரும், குருவும் உட்பட, ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், திறந்த கதவு. பெண்பிள்ளைகளுக்குப் பெண்களே துணையாக இருக்க வேண்டும். இரவில் பிள்ளைக்குத் தனியாகக் கைப்பேசிச் செய்தி அனுப்பக்கூடாது. பணம் கொடுப்பது, வாங்குவது இரண்டும் கூடாது. பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் அதைப் பங்குக்குள்ளேயே பேசி முடித்துவிடக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098 என்பது சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்கட்டும். இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாத நல்லவர் எவரும் எனக்குத் தேவையில்லை.

இப்போது தொழில் வழிகாட்டலுக்கு வருவோம். எங்கள் பிள்ளைகளிடம் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால் டாக்டர், போலீஸ், கலெக்டர் என்று மூன்றே பதில்தான் வரும். அல்லது தலைகுனிவு. நடுவில் இருக்கும் நூறு வேலைகள் அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை எங்காவது அழைத்துப் போகிறோம். ஒரு முறை இருசக்கர வாகனப் பட்டறை, ஒரு முறை மருத்துவப் பரிசோதனைக் கூடம், ஒரு முறை அச்சகம். விளக்கக் கூட்டம் நடத்துவதைவிட இது பயன் தருகிறது. பட்டறையில் இரைச்சலும் எண்ணெய் வாடையும் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்வதும் ஒரு பயன்தான்.

வழிகள் பல உண்டு என்பதைப் பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்தாவது முடித்தவர் ஐ.டி.ஐ.யில் சேரலாம், வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பத்தாவது முடித்து மூன்றாண்டு பாலிடெக்னிக் படிக்கலாம். ஐ.டி.ஐ. முடித்தவரும் பன்னிரண்டு முடித்தவரும் உரிய தகுதியிருந்தால் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதாவது ஐ.டி.ஐ. போனால் படிப்பு அத்தோடு முடிந்தது என்பது தவறான எண்ணம். சுற்றி வந்தாலும் மேலே போகும் படி இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில், உயர்படிப்பில் சேர்ந்தபின் மாதம் 1000 ரூபாய் வருகிறது. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பள்ளியிலேயே வழிகாட்டுகிறது. இத்தனை இருந்தும் நம் பிள்ளைகளில் பலர் வெளியே நிற்கக் காரணம் என்ன?

காகிதம். நான் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், திருமுழுக்குச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் நாலாவதாக ஒரு பெயர். அந்தோணி, ஆண்டனி, அந்தோனிசாமி மூன்றும் ஒரே பையன்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. முன்னெழுத்து மாறியிருக்கும். அப்பா பிரிந்து போயிருப்பார், வருமானச் சான்றிதழுக்கு யார் பெயரைப் போடுவது என்று அம்மாவுக்குக் குழப்பம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, எல்லாம் ஜூன் மாதத்தில் ஒரே வாரத்தில் கேட்பார்கள். இ-சேவை மையத்துக்கு மூன்று முறை அலைந்தால் மூன்று நாள் கூலி போச்சு. அத்தோடு அந்தத் தாய் சலித்து, போடா பனியன் கம்பெனிக்கு என்று சொல்லிவிடுவார். ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு திறந்து, பெயரையும் முன்னெழுத்தையும் பிறந்த தேதியையும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக்கிவிடுங்கள். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் எங்களுக்கு இதைச் செய்கிறார். அவர் செபக்கூட்டத்தில் அதிகம் பேசமாட்டார். இந்த வேலையில் அவருக்கு நிகர் இல்லை.

ஆண்டில் மிக ஆபத்தான நாள்கள் மே மாதத்தில் வருகின்றன. பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று மாலை, தவறிய பிள்ளையின் வீட்டுக்கு அன்றே போங்கள். மறுநாள் வேண்டாம். அந்த இரவு பெரிய இரவு. வீட்டில் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். துணைத்தேர்வு சில வாரங்களிலேயே நடக்கிறது. எழுதித் தேறினால் அதே ஆண்டு மேற்படிப்பில் சேரலாம் என்று பிள்ளைக்கு முன்னால் பெற்றோரிடம் சொல்லுங்கள். அந்தச் சில வாரங்களில் பிள்ளை வெளியூர் வேலைக்குப் பேருந்து ஏறிவிட்டால் திரும்பக் கொண்டுவருவது கடினம். நான் மேலே சொன்ன பையன், துணைத்தேர்வுக்குப் பணம் கட்ட இடம் கேட்டவன், இரண்டு தாள் தேறினான். கணக்கில் இன்னும் தேறவில்லை. பகலில் பழக்கடையில் நிற்கிறான், செவ்வாயும் வியாழனும் மாலையில் வருகிறான். தனித்தேர்வராக மறுபடி எழுதுவான். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வருகிறான்.

முணுமுணுப்பவர்கள் உவமையில் இருப்பது போலவே பங்கிலும் உண்டு. அந்தப் பையன்களைக் கோயில் மண்டபத்தில் சேர்த்தால் எங்கள் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்கிறார்கள். உழைத்துப் படிக்கிறவனுக்கு ஒன்றுமில்லை, ஊர் சுற்றுகிறவனுக்குச் சுண்டலா என்றும் கேட்கிறார்கள். காலையில் வந்தவர்களின் கூலி ஒரு காசும் குறையவில்லை என்பதை உவமையில் கவனியுங்கள். ஒரு தெனாரியம் என்பது ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிடும் அளவுதான். ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தன. பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்து அனுப்பியிருந்தால் அன்றிரவு அவர்கள் பட்டினி. நிலக்கிழார் அந்த வீட்டு அடுப்பை நினைத்துக் கணக்குப் போட்டார்.

பிற சமயப் பிள்ளைகள் வருவார்களா என்று கேட்டால், எங்களிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். அவர்களுக்கு நாம் மறைக்கல்வி நடத்துவதில்லை. தொடங்கும்போது ஒரு நிமிட மௌனம், அவ்வளவுதான். நாசரேத்தூர் இயேசுவை மாற்கு தச்சர் என்று சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் தெக்டோன் என்ற சொல் இருக்கிறது. மரமும் கல்லும் கையாளும் கட்டட வேலைக்காரரையும் அது குறிக்கும். முப்பது வயதுவரை கைத்தொழில் செய்தவரின் பெயரால் நடக்கும் இல்லத்தில், ஒரு பிள்ளை ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்வதே போதுமான சாட்சியம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று பலரும் விட்டுவிடுவது. ஐ.டி.ஐ.யிலோ கல்லூரியிலோ சேர்த்துவிட்டதும் நம் வேலை முடிந்தது என்று கைதட்டிக்கொள்கிறோம். முதல் மாதம் புதுச்சட்டையும் பேருந்து அட்டையுமாக நன்றாகத்தான் போகும். மூன்றாம் மாதம் பாருங்கள். ஆங்கிலம் புரியாது, செய்முறை நோட்டு முடிந்திருக்காது, ஊரில் பழைய கூட்டாளி கையில் காசோடு நிற்பான். எனவே சேர்ந்தவர்களின் பெயரையும் நோட்டில் வைத்திருந்து, மூன்றாம் மாதத்தில் அவர்களுடைய அண்ணனோ அக்காவோ அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும். தூரின் நகரத்துச் சாரத்துக்குக் கீழே நின்று ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரே, அதே வேலைதான்.

இப்போது பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு காலம். விடுமுறை முடிந்து அக்டோபர் தொடக்கத்தில் விடைத்தாள் பிள்ளைகள் கைக்கு வரும். எந்தப் பிள்ளை பின்வாங்கியிருக்கிறது என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். உங்கள் அன்பியத்தில் எந்த வீட்டுப் பிள்ளை திங்கள்கிழமை பள்ளிக்குப் போகவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தெரியும். இருவரையும் கேட்டுப் பத்துப் பெயர் எழுதினால் தொடங்கப் போதும். மூன்று பெரியவர்கள், ஒரு பாய், ஒரு கரும்பலகை, ஒரு படி கொண்டைக்கடலை. அக்டோபர் செபமாலை மாதம், ஆறரை மணிக்கு மண்டபத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். பிள்ளைகளை வராந்தாவுக்கு மாற்றிவிடுங்கள்; அங்கே ஒரு டியூப் லைட் போட்டால் ஏழு மணிவரை எழுத வெளிச்சம் கிடைக்கும்.